கச்சேரிக்குப் போவதா, வேண்டாமா

1

இந்த முறை ஊரில் இருந்தது பதினெட்டு நாள். அதில் ஒரு புதன்கிழமையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரையிலான ஐந்து நாட்களை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்குக் குடிபோய் இருபத்துமூன்று வருஷம் ஆகிறது. அங்கே ஓர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை. ரத்த மாதிரி எடுத்த குப்பிகளுக்கு லேபிள் ஒட்டி, நேரம் குறித்து, வரிசையில் வைக்க வேண்டும். நாட்குறிப்பையும் அதே பழக்கத்தில்தான் எழுதுகிறேன்: எத்தனை மணி, யார் சொன்னார், என்ன சொன்னார்.

புதன் காலை 7.15. வீடு வெண்ணாற்றங்கரைக் கிராமம். தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுப்பு மிஷின் சத்தத்தில் உரக்கப் பேசினால்தான் கேட்கும். என் மகள் லேயா போனைப் பார்த்தபடி தோசை தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. பிறந்தது ஹாலேயில். தமிழில் எல்லாம் புரியும். பேசும்போது யோசித்து யோசித்துப் பேசுவாள்.

"அம்மா, தஞ்சாவூர் நடுவுல ஒரு பழைய பில்டிங்க மியூசியம் ஆக்கியிருக்காங்க. நெல் பத்தி, நிலம் பத்தி எக்ஸிபிஷன். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். போகலாமா?"

"எந்த பில்டிங்?" என்றார் அப்பா. அவருக்கு எழுபத்தொன்பது. பெயர் தேவசகாயம். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார்.

படத்தைப் பார்த்துவிட்டு நான் சொன்னேன்: "பழைய கச்சேரிப்பா. தாலுகா கச்சேரி."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "கச்சேரிக்கா? கச்சேரிக்கு எதுக்குப் போகணும்?"

"ஏன் தாத்தா, உங்களுக்குப் பாட்டு புடிக்காதா?" என்றாள் லேயா.

நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கச்சேரி என்றால் வயலினும் மிருதங்கமும்தான். அதுவும் யூடியூபில் பார்த்தது. ஆபீஸ் என்ற வார்த்தை வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் சர்க்கார் காரியம் நடக்கும் இடத்துக்கெல்லாம் கச்சேரி என்றுதான் பெயர் என்று விளக்கினேன். கூப்பிட்டனுப்பினால் போய் நிற்க வேண்டிய இடம். அப்பா சிரிக்கவில்லை.

லேயா படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிக்குள், அடியில் கறுப்பாகக் கைநாட்டு வைத்த பழைய காகிதங்கள். எழுத்து படிக்கிற அளவுக்குத் தெளிவு இல்லை. கீழே கிராமவாரியாகப் பெயர்ப் பட்டியல். எங்கள் ஊர்ப் பெயரை அவளே கண்டுபிடித்தாள். அதற்கு நேராக இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"குஞ்சான் மகன் தேவ... தேவசகாயம். தாத்தா! இது உங்க பேர்!"

"ஊர்ல எத்தனையோ தேவசகாயம்."

எத்தனையோ தேவசகாயம் உண்டு. குஞ்சான் மகன் தேவசகாயம் ஒருவர்தான். நான் அதைச் சொல்லவில்லை. அப்பா எழுந்து வெயிலில் வெளியே போனார். துண்டை எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு நினைவு தெரிந்து துண்டு இல்லாமல் அவர் தெருவில் இறங்கிப் பார்த்ததில்லை.

2

அந்தச் சுவரில் அவர் பெயர் இருப்பதன் அர்த்தம் என்ன என்று சொல்ல வேண்டும்.

என் தாத்தா குஞ்சான் பண்ணையாளாக இருந்து, கடைசிக் காலத்தில் அதே பண்ணையின் எட்டு மா நிலத்தை, அதாவது இரண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், குத்தகைக்கு வாங்கியவர். அவருக்குப் பிறகு இரண்டு மகன்கள் அதை உழுதார்கள்: பெரியப்பா யோவான், அப்பா. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு கோடையில், குத்தகையை இஷ்டப்பட்டு விட்டுக்கொடுத்ததாக ஒரு காகிதம் கச்சேரியில் பதிவானது. அடுத்த குறுவைக்கு அந்த எட்டு மாவில் வேறு ஆளின் ஏர் இறங்கியது.

ஊர் சொன்னது ஒரே வார்த்தை: கைநாட்டு வச்சிட்டான். யார் வைத்தது என்பதுதான் கேள்வி. பெரியப்பா பள்ளிக்கூடம் போகாதவர். ரேஷன் அட்டையிலிருந்து சர்ச் நோட்டு வரை கட்டை விரல்தான். அப்பா மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். யார் கேட்டாலும் அப்பா ஒரே பதில்தான் சொல்வார்:

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நான் எதுக்குய்யா கைநாட்டு வைக்கிறேன்?"

அந்த வாக்கியத்துக்குப் பிறகு யாரும் மேற்கொண்டு விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள். "நான் கச்சேரி வாசலையே மிதிக்கலை" என்று பெரியப்பா சாகும்வரை சொன்னார். ஊர் அவருக்குக் கைநாட்டு யோவான் என்று பெயர் வைத்தது. அவர் பிள்ளைகள் கைநாட்டு வீட்டுப் பிள்ளைகள். ஒரே சர்ச்சில் இரண்டு குடும்பமும் எதிரெதிர் பக்கத்தில் உட்காருவோம். நாலு வருஷத்துக்கு முன் பெரியப்பாவை அடக்கம் செய்தபோது, அப்பா கல்லறைத் தோட்டத்துக்குள் போகாமல் கேட்டுக்கு வெளியே நின்றார் என்று போனில் கேள்விப்பட்டேன்.

நான் அப்பாவை நம்பியே வளர்ந்தேன். நம்பினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. சந்தேகப்பட ஒன்றும் இருப்பதாகத் தோன்றியதே இல்லை. பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே என்னைச் சிலேட்டில் கையெழுத்துப் போட வைத்தவர் அவர். எழுத்து தெரியும் முன் கையெழுத்து தெரிந்தது எனக்கு. ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைப்பதற்கு முன், ஹாலேயில் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க, வெளிநாட்டவர் அலுவலகத்தில் டோக்கன் எடுத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒரு கண்ணாடியில் அழுத்திவிட்டு வந்தேன். அன்று போனில் அப்பாவிடம் அதைச் சொன்னேன்.

"கைநாட்டா வச்சே?"

"எல்லாருக்கும் அப்படித்தான்பா. கம்ப்யூட்டருக்கு."

"எம்.எஸ்சி. படிச்ச பிள்ளை. கையெழுத்துப் போடுறேன்னு சொல்ல வேண்டியதுதானே."

அந்த அலுவலகத்தில் நான் அப்படிச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் விளக்கவில்லை.

3

வியாழன் காலை 10 மணி, ரேஷன் கடை. அப்பா மிஷினில் கட்டை விரலை வைத்தார். பிழை. ஆள்காட்டி விரல். பிழை. இடது கை. பிழை.

"துடைச்சிட்டு வைங்க தாத்தா," என்றார் கடைக்காரர்.

"துடைச்சு துடைச்சுத்தான்டா தம்பி ரேகை போச்சு."

"போன் கொண்டாந்தீங்களா? ஓடிபி போட்டுக்கலாம். பெரியவங்க பாதிப் பேருக்கு இப்படித்தான். ரேகை தேஞ்சிருக்கு."

லேயா அவர் கையை வாங்கிப் பார்த்தாள். கட்டை விரல் நுனி வழவழவென்று இருந்தது. "தாத்தா, அப்ப நல்லதுதான்," என்றாள். அவளுடைய சந்தோஷம் உண்மையானது. "அந்தச் சுவர்ல இருக்கிற ரேகை உங்களுதுன்னு யாரும் ப்ரூவ் பண்ண முடியாது."

அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அரிசிப் பையை இறக்கும்போது மணி 11.10. என் போன் அடித்தது.

"கிருபாவா? சாமுவேல் பேசுறேன்."

பெரியப்பாவின் மகன். கீழத்தெருவில் வீடு, மெயின் ரோட்டில் டிராக்டர் பட்டறை. நானும் அவரும் பேசி ஒன்பது வருஷத்துக்கு மேல்.

"சொல்லுங்கண்ணே. நல்லா இருக்கீங்களா?"

"எப்ப வந்தே?"

"பத்து நாளாச்சு."

"ஜெர்மனியிலேருந்து வர வழி தெரியுது. கீழத்தெருவுக்கு வழி தெரியலை." கொஞ்சம் நிறுத்தினார். "சரி விடு. அந்தக் காயிதம் வெளிய வந்திருக்காம். எம் பொண்ணு காலேஜ்ல கூட்டிட்டுப் போனாங்களாம். கூட்டத்துல ஊர்ப் பேர மட்டும் பாத்துட்டு வந்திருக்கா. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு நாங்க எல்லாரும் போறோம்."

"ம்."

"எங்க அப்பன் ரேகை அதுல இருந்துச்சுன்னா, ஆமாம்பா, எங்க அப்பன்தான்னு ஊரு முன்னால சொல்லிட்டு வேலையப் பாக்கப் போறேன். இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"சித்தப்பாவை வரச் சொல்லு. அவ்வளவுதான்." வைத்துவிட்டார்.

அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"வரலைன்னு சொல்லிடு."

"ஏன்பா? உங்க கைநாட்டு அதுல இருக்காதுல்ல. வந்து பாத்துட்டா அதோட முடிஞ்சுதே. யாராவது உங்க பேர்ல பொய்யா விரல் வச்சிருந்தா, கையெழுத்துப் போடுறவர்னு நாமளே சொல்லலாம்."

"உனக்கு எத்தனை தடவை சொல்றது? கச்சேரி வாசலை நான் மிதிக்க மாட்டேன்."

மாலை ஆறு மணிக்கு நாட்குறிப்பில் இரண்டு பேர் சொன்னதையும் அடுத்தடுத்து எழுதினேன். பெரியப்பா: மிதிக்கலை. அப்பா: மிதிக்க மாட்டேன். எழுதிய பிறகு பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒருநாளும் "மிதிக்கலை" என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

4

வெள்ளி, அப்பாவின் பாஸ்புக்கில் பதிவு போட்டு வாங்கத் தனியாகத் தஞ்சாவூர் போனேன். வேலை 11.30க்கு முடிந்தது. கச்சேரிக் கட்டடம் பத்து நிமிஷ நடை. எதிரே டீக்கடையில் நின்றேன். சிவப்புச் செங்கல், வளைவு வளைவாகத் தாழ்வாரம், புதுச் சுண்ணாம்பு. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். நுழைவுச் சீட்டு கொடுக்கும் இடத்தில் கூட்டமே இல்லை. இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

போகச் சொல்லும் காரணம் எளிது: ஞாயிற்றுக்கிழமை சாமு அண்ணன் பார்க்கத்தான் போகிறார், அதற்குள் நமக்குத் தெரிந்திருப்பது நல்லது. வேண்டாம் என்பதற்கு இருந்த காரணத்தை நான் வார்த்தையாக்க விரும்பவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் நான் முதலில் பார்த்துவிட்டால், அவரை வேவு பார்த்தவள் ஆவேன். அதில் என்ன இருந்தாலும், அதன் பிறகு அவர் முகத்தைப் பார்த்து டீ கொடுக்க வேண்டும். இரண்டு டீ குடித்தேன். 12.05க்குப் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் நினைவுக்கு வந்தது ஜெர்மனிக்குப் போன முதல் வருஷம். ஒரு சிறிய ஆய்வகத்தில் வேலை கிடைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மேலாளர் ஒரு தாளை முன்னால் வைத்தார். மாலை வகுப்பில் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்த எல்லா வார்த்தையையும் என்னால் வாசிக்க முடிந்தது. நடுவில் "ஆஃப்ஹேபன்" என்று ஒரு சொல். அதற்கு ஆசிரியை வகுப்பில் சொன்ன உதாரணம் இன்னும் நினைவிருக்கிறது: மிஞ்சிய ரொட்டியை நாளைக்கு எடுத்து வைப்பது. அப்படியென்றால் என் ஒப்பந்தத்தை எடுத்து வைக்கப் போகிறார்கள், வேலை நிரந்தரம் என்று புரிந்துகொண்டேன். அழகாகக் கையெழுத்துப் போட்டு நன்றியும் சொன்னேன். அதே சொல்லுக்கு ரத்து செய்வது என்றும் அர்த்தம் உண்டு. திங்கட்கிழமை என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

கணவரிடம் இரண்டு வாரம் கழித்துச் சொன்னேன். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. "பிடிக்கலை, நானே விட்டுட்டேன்" என்று அப்பாவுக்குப் போனில் சொன்னேன். லேயாவிடம் போன வருஷம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, அது சின்னப் பிள்ளைகளுக்கே தெரியும்." சின்னப் பிள்ளையிலிருந்து அந்த மொழியில் இருப்பவளுக்குத் தெரியும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "உள்ள போனியா?"

"எங்கப்பா?"

"எங்கன்னு தெரியாதா உனக்கு?"

"போகலை. வெளிய நின்னேன்."

நம்பினாரா என்று தெரியவில்லை.

5

சனி காலை 5.50. கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். நான் எழுந்து வந்தபோது அப்பா குளித்து, சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"கிளம்பு. அவளையும் எழுப்பு. அவன் பாக்கிறதுக்குள்ள நான் பாக்கணும்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். அம்மாபேட்டை தாண்டியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கிட்ட ஜெர்மன் பாஸ்போர்ட்தானே இருக்கு?" என்றார்.

"ஆமாம்பா."

"வெளிநாட்டுக்காரங்க சொன்னா கேப்பாங்க. அந்த ஒரு காயிதத்த மட்டும் எடுத்துடச் சொல்லேன். ஒருநாளைக்குத்தானே. நாளையோட முடியுது."

இதற்கு முன் அப்பா என்னிடம் எதையும் கேட்டதில்லை. பணம் அனுப்பினால்கூட வேண்டாம் என்பார்.

"ஏன்பா எடுக்கணும்? அதுல என்ன இருக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லேயா எங்களுக்கு முன் சீட்டில் காதில் பாட்டு மாட்டியிருந்தாள்.

கச்சேரி வாசலில் ஐந்து படி. கீழ்ப்படியிலேயே அப்பா செருப்பைக் கழற்றினார். கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் ஓடி வந்தாள். வரலாறு படிக்கும் மாணவி. பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறவள்.

"ஐயா, செருப்போடயே வரலாங்க."

"இருக்கட்டும்மா," என்று வெறுங்காலோடு ஏறினார்.

முன் கூடத்தில் நிலம் அளக்கும் சங்கிலி, மரக்கால், பழைய வரைபடங்கள். அப்பா எதையும் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யாரையும் கேட்காமல் இடது பக்கத்து அறைக்குப் போனார். அந்தச் சுவர் அங்கேதான் இருந்தது. நான்கு வரிசை, வரிசைக்குப் பத்துக் காகிதம். ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பாக ஒரு கட்டை விரல். இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது வரிசையில் ஏழாவது காகிதத்தில் விரல் இல்லை. கையெழுத்து இருந்தது.

கு. தேவசகாயம். கடைசி 'ம்' மேல் புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம். என் பள்ளி மார்க் அட்டைகள் எல்லாவற்றிலும் இருக்கும் அதே வட்டம்.

"இதுதாங்க எங்க எக்ஸிபிஷன்லயே ஸ்பெஷல்," என்றாள் அந்தப் பெண். கீழே ஒட்டியிருந்த அட்டையை வாசித்தாள்: "கைநாட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு கையெழுத்து. இக்கிராமங்களுக்குள் கல்வி நுழைந்ததன் அடையாளம்."

"தாத்தா!" லேயா கத்திவிட்டாள். "நீங்கதான் ஃபர்ஸ்ட்!"

"ஐயாவா இது? ஐயோ, நிஜமாவா? ஒரு போட்டோ எடுத்துக்கலாங்களா ஐயா? எங்க மேடம் ரொம்ப சந்தோஷப்படுவாங்க."

"வேண்டாம்மா," என்றார் அப்பா. "கொஞ்சம் தள்ளி நில்லு." பிறகு என்னிடம்: "தலைப்பைப் படி, கிருபா."

"ராஜிநாமா."

"என்ன அர்த்தம்?"

"விட்டுக்கொடுக்கிறது. நிலத்தை விட்டுட்டேன்னு எழுதிக் குடுக்கிறது."

"இப்ப தெரியுது. அப்ப எனக்கு ராஜின்னா ஒண்ணுதான் தெரியும். ரெண்டு பேரு சண்டை போட்டு, பேசி ஒத்துப்போறது." அவர் சுவரைப் பார்த்தே பேசினார். "அந்த வருஷம் வாய்க்கால் தண்ணிக்குப் பண்ணையோட தகராறு. கச்சேரிக்கு வாங்கன்னு ரெண்டு பேருக்கும் ஆள் வந்துச்சு. அண்ணன் வரமாட்டேன்னுட்டான். நான் வந்தேன். கணக்கப்பிள்ளை நாற்காலி போட்டாரு. நீ படிச்சவன், படிச்சுப் பாத்துட்டுப் போடுன்னு பேனாவக் குடுத்தாரு. படிச்சேன். ராஜிநாமான்னு இருந்துச்சு. உள்ளயும் மனராஜின்னு இருந்துச்சு, மனசு ஒத்துன்னு. சரி, தகராறு ராஜியாகுதுன்னு போட்டேன்."

"பெரியப்பாவைக் கேட்டுட்டுப் போடலாம்னு தோணலையாப்பா?"

"தோணுச்சு. அவனுக்குத்தான் படிக்கத் தெரியாதேன்னு நெனச்சேன்."

லேயாவுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஒரு காதில் மாட்டியிருந்ததையும் எடுத்துவிட்டாள்.

"ஊரு கைநாட்டு கைநாட்டுன்னு பேச ஆரம்பிச்சுது. நான் கைநாட்டு வைக்கலைதானே. அதத்தான் சொன்னேன். கிருபா, நான் ஒரு தடவை பொய் சொல்லியிருக்கேனா, சொல்லு."

சொல்லவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், கல்லூரிக்குப் போனேன், கடல் தாண்டினேன். அதே வாக்கியத்தின் மேல் இன்னொரு வீட்டின் பிள்ளைகள் கைநாட்டு என்று பெயர் வாங்கினார்கள்.

அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஹாலேயில் நான் கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி, இருபத்திரண்டு வருஷம் கழித்து, அந்தச் சுவருக்கு முன் நின்று சொன்னேன். எல்லா எழுத்தும் படிக்கத் தெரிந்தும் ஏமாந்ததைச் சொன்னேன். நானே விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

கவனமாகக் கேட்டார். "நீ அத யாரு தலையிலயாவது போட்டியா?"

"இல்லப்பா."

"அப்ப அது வேற."

அந்தப் பெண் கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். எடுத்துவிடச் சொல்ல வேண்டுமானால் அவளிடம்தான் தொடங்க வேண்டும். அப்பாவைப் பார்த்தேன். நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது.

"வேண்டாம்," என்றார். "நாளைக்கு எத்தனை மணிக்குத் தொறப்பாங்கன்னு மட்டும் கேட்டுக்க."

6

ஞாயிறு. சர்ச்சுக்குப் போகவில்லை. அப்பா ஆராதனைக்குப் போகாத ஞாயிறு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பத்தரைக்கே அந்த அறையில் இருந்தோம். அவர் ஏழாவது காகிதத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றார். நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், உட்காரவில்லை. வந்தவர்கள் அவரைக் காவலாள் என்று நினைத்துக் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். அவரும் கை காட்டினார்.

சாமு அண்ணனும் அவர் மனைவியும் மகளும் வந்தபோது 12.40. அவர் எங்களைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. முதல் வரிசை முதல் காகிதத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொன்றிலும் குனிந்து பெயரைப் பார்த்தார். பட்டறை வேலை செய்யும் கைகளைக் கண்ணாடியில் படாமல் பின்னால் கட்டியிருந்தார். மூன்றாவது வரிசைக்கு வர எட்டு நிமிஷம் ஆனது. லேயா என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழாவது காகிதத்தின் முன் நின்றார். அவர் மகள் அட்டையை வாசித்தாள். "கல்வி நுழைந்ததன் அடையாளம்" என்ற இடத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது.

"யோவான்னு எங்க இருக்கு?" என்றார் சாமு அண்ணன். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

"கையெழுத்து எடத்துல இல்ல, சாமு," என்றார் அப்பா. "உங்கப்பன் வரவே இல்ல. நான்தான் போட்டேன்."

சாமு அண்ணன் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார்.

"ஊரு பூரா எங்கள என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டுச்சுன்னு தெரியுமா சித்தப்பா?"

"தெரியும்."

"எனக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல கேட்டாங்க. கைநாட்டு வீடாங்கன்னு. எங்க அப்பன் அங்கேயே எந்திரிச்சு வந்துட்டாரு. ஒரு வார்த்தை நீங்க சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"இப்ப மன்னிப்புக் கேக்கவா வந்து நிக்கிறீங்க?"

"கேட்டா குடுப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

சாமு அண்ணனின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து, "வாங்க போகலாம், எல்லாரும் பாக்குறாங்க," என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எட்டுப் பத்துப் பேர் இருக்கும். சுற்றிக் காட்டும் பெண்ணும் வாசலருகே நின்றுவிட்டாள்.

"பாக்கட்டும்," என்றார் சாமு அண்ணன். "எனக்கு இந்தக் கச்சேரித் தமிழ் புரியாது. நான் ஒன்பதாவதோட நின்னவன். எதுக்கு நின்னேன்னும் உங்களுக்குத் தெரியும். நீங்க படிச்சவங்க. படிங்க."

அப்பா அசையவில்லை.

"முழுசாப் படிங்க சித்தப்பா. சத்தமா."

அப்பா பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். வேட்டி நுனியால் ஒரு முறை துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். மிஷன் பள்ளியில் வாசிக்கச் சொன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

"ராஜிநாமா," என்று தொடங்கினார். "நானும் என் தமையன்..."

நின்றுவிட்டது.

"படிங்க."

"...என் தமையன் யோவானும் சாகுபடி செய்து வருகிற எட்டு மா நன்செய் நிலத்தை, யாதொரு நிர்ப்பந்தமும் இல்லாமல், எங்கள் மனராஜியில்..." குரல் அறையைத் தாண்டி முன் கூடத்துக்குக் கேட்டது. அங்கிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தையையும் விடவில்லை. எல்லைகளைப் படித்தார்: கிழக்கே வாய்க்கால், மேற்கே பண்ணை வரப்பு. சாட்சிகளின் பெயர்களைப் படித்தார். கடைசியில் அடியில் இருந்ததையும் படித்தார்.

"கு. தேவசகாயம்."

சாமு அண்ணன் தன் மகளை இழுத்து முன்னால் நிறுத்தினார். அவள் தோள் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை," என்றார்.

அப்பா தலைப்பிலிருந்து மறுபடி தொடங்கினார்.